புஷ்ஷிங்குக்குள் புகுந்த கடற்காற்று

காட்டுப்பள்ளிப் பக்கம் வேலை பார்த்தவனுக்கு உப்புக்காற்று எங்கெல்லாம் நுழையும் என்பது தெரியும். 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையம் எழுந்தபின், உயரழுத்த டிரான்ஸ்பார்மர்களும் அந்தக் காற்றில்தான் நிற்கின்றன.

டிரான்ஸ்பார்மர் தலையில் கொம்பாக நிற்கும் புஷ்ஷிங்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கவலை வரும். உள்ளே எண்ணெயில் ஊறிய காகிதம், இடையிடையே அலுமினியத் தாள். எண்ணெய்க்கு மேல் கொஞ்சம் நைட்ரஜன். இவற்றை மேலே காற்றிலிருந்து காப்பது ஒரு ரப்பர் கேஸ்கெட். வெயிலில் அது இறுகிப்போனால், பகலில் விரிந்த எண்ணெய் இரவில் சுருங்கும்போது ஈரக்காற்றை உள்ளே இழுத்துவிடும். வெளியே ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கசிந்திருக்காது. சுற்றிவந்து துடைத்துப் பார்க்கிறவர் எல்லாம் சரி என்றே சொல்வார்.

ஒரு மார்கழியில் லைனை நிறுத்தி, புஷ்ஷிங்கிலிருந்து எண்ணெய் சாம்பிள் எடுக்க சிரிஞ்சோடு விடியலிலேயே ஏறப்போனேன். இளம் வயது, அவசரம். குப்பத்திலிருந்து உதவிக்கு வந்த பெரியவர் தடுத்தார்.

"ஈரக்காத்து சார். வெயில் ஏறட்டும், பொறுங்க."

லைனை எப்போது திருப்பித் தருவாய் என்று மேலிடம் நச்சரித்தது. அவரோ தன் கஞ்சியையும் நெத்திலிக் கருவாட்டையும் எனக்குப் பங்குவைத்தார். அவர் சொன்னதே சரி. அந்த ஈரம் சாம்பிளில் கலந்திருந்தால், நீர் எண்ணெயிலிருந்து வந்ததா காற்றிலிருந்து வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொன்றும் உண்டு: நீரில் பெரும்பங்கு காகிதத்தில்தான் ஒளிந்திருக்கும், சூடேறினால்தான் எண்ணெய்க்கு வரும். அதனால் சாம்பிள் எடுத்தபோதிருந்த வெப்பநிலையைக் குறிக்காத பிபிஎம் கணக்கை நான் நம்புவதில்லை.

ஆய்வில் நீர் மிகுந்திருந்தது. மூடிய எண்ணெயில் இருக்கக்கூடாத அளவு ஆக்சிஜனும் இருந்தது. ஹைட்ரஜன் குறைவு, அசிட்டிலீன் இல்லை. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐஇசி) வழிகாட்டி புஷ்ஷிங் எண்ணெய்க்குச் சொல்லும் வழக்கமான உச்ச அளவு ஹைட்ரஜனுக்கு 140 பிபிஎம், அசிட்டிலீனுக்கு வெறும் 2. ஆக, மேல் கேஸ்கெட் போய்விட்டது, உள்ளே தீப்பொறி இன்னும் தொடங்கவில்லை. கீழே டிரான்ஸ்பார்மர் டேங்கையும் புஷ்ஷிங்கையும் பிரிக்கும் சீல் போயிருந்தால் டேங்க் எண்ணெய் கலந்து, அதன் வாயுக்கள் இங்கே தெரிந்திருக்கும். எண்ணெய் மட்டமும் காரணமில்லாமல் மாறியிருக்கும்.

புஷ்ஷிங்கை மாற்றினோம். கழற்றிய கேஸ்கெட் விரலால் மடக்கியதும் ஒடிந்தது.

இப்போது சாம்பிள் எடுக்கப் போகும் பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: புஷ்ஷிங்கில் இருப்பது கொஞ்சம் எண்ணெய். எடுத்த அளவுக்கு உலர்ந்த, வாயு நீக்கிய எண்ணெயை ஊற்றுங்கள். திருகை மூடும்போது பழைய வாஷரைப் போடாதீர்கள்.