தேடுபெட்டி யாருடையது?

இலங்கையின் இறக்குவானை, பலாங்கொடை, எட்டியாந்தோட்டைத் தோட்டங்களில் ஆண்ட்ராய்டு கைபேசி வாங்கும் இளைஞரின் திரையில் கூகுளின் தேடுபெட்டி பெரும்பாலும் முன்னரே அமர்ந்திருப்பதால், எந்தத் தேடுபொறி வேண்டும் என்ற கேள்வியே அவருக்கு எழுவதில்லை. பயனர் மாற்றாதவரை தானாக இயங்கும் இந்த ஏற்பாடு முன்னமைவு எனப்படும். அதைப் பெறுவதற்காக ஆப்பிள் முதலிய நிறுவனங்களுக்குக் கூகுள் 2021இல் மட்டும் 2,600 கோடி டொலருக்கு மேல் செலுத்தியதை ஆராய்ந்த அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, அந்நிறுவனம் சட்டவிரோதமாக ஏகபோகத்தைத் தக்கவைத்தது என 2024 ஆகஸ்ட் 5 அன்று தீர்ப்பளித்தார். பிங் தேடுபொறியை நடத்தும் மைக்ரோசாஃப்டின் சத்ய நாதெள்ளாவும் கூகுளின் சுந்தர் பிச்சையும் அவ்வழக்கில் சாட்சியமளித்தனர்.

தேடுபொறி பக்கங்களைத் திரட்டிச் சுட்டியாக்கி வரிசைப்படுத்துவதோடு, பயனர் எதைச் சொடுக்குகிறார் என்பதிலிருந்தும் கற்றுக்கொள்வதால், கூட்டம் மிகுந்த பொறி மேலும் கூர்மையடைகிறது. பலர் கேட்கும் கேள்விக்கு எந்தப் பொறியும் ஓரளவு விடையளிக்கும், அரிதான கேள்வியிலேயே சிறிய பொறி தடுமாறும். இறப்பர்த் தோட்டத்து ஓய்வாளர் ஊழியர் சேமலாப நிதியைப் பற்றித் தமிழில் தட்டும் கேள்வி, உலகக் கணக்கில் அத்தகைய அரிய கேள்வியே. அவ்வழக்கின் தீர்வாக 2025 செப்டெம்பரில் அதே நீதிபதி, கூகுளைக் குரோம் உலாவியை விற்கச் சொல்லாமல், பிரத்தியேக ஒப்பந்தங்களைத் தடுத்து, தேடல் தரவின் ஒரு பகுதியைத் தகுதியுள்ள போட்டியாளருடன் பகிருமாறு பணித்தார். சிறிய பொறிகளுக்கு அத்தரவு உதவக்கூடும்; ஆயினும் தமிழில் எழுதப்படாத பக்கத்தை எந்தப் பொறியாலும் திரட்ட இயலாது, இத்தோட்டங்களைப் பற்றிய தமிழ்ப் பக்கங்களோ இன்னும் சொற்பமே.