ஐந்து மணிக்கு அந்தி

டிசம்பரில் சென்னையில் மாலை ஐந்து மணிக்கு நல்ல வெளிச்சம் இருக்கும். அதே ஐந்து மணிக்கு அந்தமானின் நீல் தீவில் சூரியன் கடலைத் தொட்டிருக்கும். இரண்டு ஊருக்கும் ஒரே கடிகாரம். அலகாபாத் பக்கத்துத் தீர்க்கரேகையை வைத்து ஓடுவது. தீவோ அதற்குப் பத்து பாகை கிழக்கே கிடக்கிறது. கடற்கரையைவிட, அந்த நீண்ட முன்னிரவுக்குத்தான் நான் அதிகம் ஏங்குகிறேன்.

2018-இல் ஷஹீத் த்வீப் என்று பெயரை மாற்றினார்கள். எனக்கு இன்னும் நீல்தான். போர்ட் பிளேரிலிருந்து அரசுக் கப்பலில் சுமார் இரண்டு மணி நேரம். இறங்கினால் பாரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர், ராம்நகர் என்று ராமாயணமே ஊர்ப்பெயராக நிற்கும். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களை 1960களில் குடியமர்த்திய கிராமங்கள் இவை. கடலோரத்தில் இருந்தாலும் மண்ணை நம்பியவர்கள். போர்ட் பிளேர் சந்தைக்குக் காய்கறி இங்கிருந்து போகிறது. கத்தரித் தோட்டத்தைத் தாண்டிக் கடலுக்கு நடப்பது வேறெங்கும் எனக்கு வாய்த்ததில்லை.

நான் தங்கிய மூங்கில் குடில் லட்சுமண்பூரில் இருந்தது. வீட்டுக்கார அம்மாவை எல்லோரும் 'மாஷி' என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். "கடல் வற்றுது, போய்ப் பார்த்துட்டு வா, சோறு எங்கேயும் போகாது" என்று தன் வங்காள இந்தியில் விரட்டுவார். மெரினாவில் நிற்பவருக்கு ஓதம் அவ்வளவாகத் தெரியாது. இங்கே தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கிப் பவளப்பாறைத் தரையைத் திறந்து விட்டுவிடும். குட்டைகளில் கடல் அட்டை, நட்சத்திர மீன், உதடு விரித்த பெரிய சிப்பிகள். உள்ளூரார் ஹவுரா பாலம் என்று சொல்லும் இயற்கைப் பாறை வளைவுக்கும் அப்போதுதான் நடந்து போக முடியும். தண்ணீர் ஏறிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. பிறகு கடுகரைத்த மீன் குழம்பு, தூக்கம்.

இருட்டிய பிறகு செய்ய எதுவும் கிடையாது. கைப்பேசி வெறும் டார்ச் விளக்கு. அன்றைக்குத் தீவுகளுக்கு இணையம் செயற்கைக்கோள் வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஏழு மணிக்கே நடுநிசி போலிருக்கும். தூக்கமும் வராது. திண்ணையில் உட்கார்ந்து மாஷியிடம் கதை கேட்பேன், பாதிதான் புரியும். அப்படிப் பொழுதை வீணாக்கச் சென்னையில் எனக்குத் தைரியம் வருவதில்லை.

2020 ஆகஸ்டில் கடலடிக் கேபிள் வழி இணையம் அந்தமானை எட்டியது. கிளம்பிய இடம் சென்னைதான். தீவுக்காரர்களுக்கு அது நியாயமாகக் கிடைக்க வேண்டியது. என் ஏக்கத்துக்காக அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். காலையில் போய் மாலையில் திரும்பும் பயணமாக நீலை முடித்துவிடாதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போனால் கடல் நன்றாக வற்றும். சிப்பி, பவளம் எதையும் எடுக்காதீர்கள், சட்டப்படி குற்றம். இரவு கட்டாயம் தங்குங்கள்.