கர்த்தரோடு வழக்கு

கிறிஸ்தவ இல்லங்களில் மரணம் நேர்ந்த அன்று காதில் விழும் சொல் ஒன்றுண்டு. "எல்லாம் கர்த்தருடைய சித்தம்" என்பதே அது. துக்கப்படுவோரைத் தேற்ற வேண்டுமென்ற நல்லெண்ணத்தினாலேயே அதனைச் சொல்கின்றனர். ஆயினும், அச்சொல் என்னைத் தேற்றவில்லை. என் விசுவாசத்தையே ஏறக்குறைய அழித்துவிட்டது. அது மீண்ட விதத்தையே ஈண்டுக் கூற முற்படுகின்றேன்.

1988-ம் ஆண்டில் என் மூத்த மகன் டிங்கிக் காய்ச்சலால் மாண்டான். வயது ஏழு. படுக்கையில் கிடந்தது ஐந்தே நாட்கள். அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும், சபைப் பெரியவர் ஒருவர் என் தோளில் கை வைத்து அவ்வார்த்தையைச் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. உள்ளம் மட்டும் பேசிற்று. ஏழு வயதுப் பாலகனைக் கொல்வது ஒருவருடைய சித்தமானால், அவரை நல்லவரென்று எந்த வாயால் அழைப்பது? மனிதன் செய்தால் பாதகம், கடவுள் செய்தால் கிருபையா? அடுத்த ஞாயிறு முதல் நான் கோவில் வாசலை மிதிக்கவில்லை.

அப்பொழுது என் தந்தையைப் பெற்ற பாட்டியார் எங்களோடிருந்தார். பேராவில் ஒரு தோட்டத்தில் நெடுங்காலம் பால்மரம் வெட்டிய கை அவருடையது. எழுத்தறியாதவர், உபதேசியார் வாசிக்கக் கேட்டே வேதத்தை அறிந்தவர். சில மாதங்கள் என்னைக் கவனித்திருந்து, ஒரு மாலை அருகிலழைத்தார்.

"ஏன் ராசா கோவிலுக்குப் போகவில்லை?"

"பிள்ளையைப் பறித்தவரைத் துதிக்க என்னால் ஆகாது, பாட்டி."

"உன் தாத்தா எப்படிப் போனாரென்று உனக்குத் தெரியுமல்லவா?"

தெரியும். ஜப்பானியர் ஆட்சியில் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடப்பட்டது. 1942-ல் தொடங்கிய அவ்வேலை, 1943 அக்டோபரில் இரு முனைகளும் கூடியதோடு முடிந்தது. அதற்கென மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுபோகப்பட்டனர். முதலில் சம்பளம் என்று ஆசை காட்டினர். பின்னர் வலுவில் பிடித்தனர். பட்டினியும் அடியும் வாந்திபேதியும் அவர்களை வாரிக்கொண்டன. என் தாத்தாவை 1943-ல் பெரட்டுக் களத்திலிருந்தே லாரியில் ஏற்றினார்கள். யுத்தம் ஓய்ந்து திரும்பி வந்த ஒருவர் சொல்லித்தான் அவர் இறந்த செய்தி பாட்டியாருக்குத் தெரிந்தது. கையில் இரண்டு பிள்ளைகள்.

"அவரைக் கொண்டுபோனது துப்பாக்கி பிடித்த மனுஷன். மனுஷன் செய்ததைக் கர்த்தர் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை" என்றார் பாட்டியார்.

"என் பிள்ளையை எந்த மனுஷனும் கொல்லவில்லையே?"

அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். "அது எனக்குத் தெரியாது, ராசா. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்ல மாட்டேன். நாற்பத்து மூன்று வருஷமாக நான் அவரோடு வழக்காடிக்கொண்டிருக்கிறேன். ராத்திரி ஜெபத்தில் வைதுகூட இருக்கிறேன். ஒரு நாளும் அவர் கதவைச் சாத்தவில்லை. நீதான் சாத்திக்கொண்டாய்."

பின்னர் இன்னொன்றும் சொன்னார். செய்தி வந்த இரவில், அடுத்த லயத்துப் பெண்ணொருத்தி வேகவைத்த மரவள்ளிக் கிழங்கைக் கொண்டுவந்து வைத்தாளாம். அவள் புருஷனும் சயாமிலிருந்து திரும்பாதவனே. "அந்தக் கையில் கர்த்தரைக் கண்டேன்" என்றார்.

நான் விடவில்லை. தீமையெல்லாம் மனிதன் கணக்கில், நன்மையெல்லாம் கடவுள் கணக்கிலா? இது எந்தக் கிராணி எழுதும் கணக்கு என்று கேட்டேன். பாட்டியார் சிரித்தார். "மேட்டில் நிற்கிற கங்காணி மாதிரி கர்த்தர் தூர நின்று பார்க்கிறார் என்றால் உன் கேள்வி நியாயம். அவர் நம்மோடு பெரட்டில் நின்று அடிபட்டவரல்லவா?"

அன்றிரவு பல மாதங்களுக்குப் பின் வேதத்தைத் திறந்தேன். ரோமத் தேசாதிபதி பிலாத்துவின் கட்டளையால் கொல்லப்பட்ட இயேசு, தம்மைப் பிதா ஏன் கைவிட்டார் என்று சிலுவையில் ஓலமிட்டார். அக்கேள்வியைக் கேட்டவரையே கிறிஸ்தவன் கடவுள் என்கிறான். யோபின் சரித்திரத்தையும் மறுபடி வாசித்தேன். அவனுடைய மூன்று சிநேகிதர்கள், அவன் துன்பத்துக்குக் காரணம் கண்டுபிடித்துக் கடவுளுக்காக வாதாடினார்கள். யோபோ கடவுளிடமே முறையிட்டான். 42-ம் அதிகாரத்தில் கடவுள் சினந்தது அச்சிநேகிதர்கள்மேல். சரியாகப் பேசியவன் யோபு என்றே தீர்ப்பு வந்தது. சபைப் பெரியவரும் நானும் ஒரே பிழை செய்தோம் என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. நேர்ந்ததெல்லாம் அவர் விரும்பியதே என்று கொண்டு, அவர் அதைப் போற்றினார். நான் அதை வெறுத்தேன்.

கடவுளின் நல்லெண்ணத்தை நம்புவதென்பது, மரணத்துக்கு நல்ல பெயர் சூட்டுவதன்று. காரணம் விளங்காதபோதும் அவரோடு பேச்சை முறித்துக்கொள்ளாதிருப்பதே. இதை நான் ஒரே இரவில் கற்றுவிடவில்லை. மறு ஆண்டுதான் கோவிலுக்குப் போனேன். போய்ப் பின்வரிசையில் அமர்ந்து வழக்காடினேன்.

பாட்டியார் 1996-ல் காலமானார். கடந்த ஆண்டு நான் தாய்லாந்திலுள்ள காஞ்சனபுரிக்குச் சென்றேன். அங்குள்ள யுத்த மயானத்தில் நேச நாட்டுக் கைதிகளின் கல்லறைகள் ஏறத்தாழ 7,000 வரிசை வரிசையாய் உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயரும் உண்டு. என் தாத்தாவுக்குக் கல்லுமில்லை, பெயருமில்லை. ஆற்றங்கரையில் நின்று, "ஆண்டவரே, இது நியாயமா?" என்று உரக்கவே கேட்டேன். பதில் வரவில்லை. ஆயினும், கேட்கும் செவி ஒன்றிருக்கிறது என்ற உறுதியோடு கேட்டேன். 1988-ல் அவ்வுறுதி எனக்கில்லை.

சகோதரர்களே! துக்க வீட்டுக்குப் போகும்போது கர்த்தருடைய சித்தத்தை எடுத்துச் செல்லாதீர்கள். அதை நாம் அறியோம். ஒரு தட்டுக் கிழங்கை எடுத்துச் செல்லுங்கள்.