கடைசியில் ஏற்று, முதலில் இறக்கு!

1994. பி.காம். சர்டிபிகேட்டுக்கு பிரேம் போட்டு மாட்டிவிட்டு, ஆம்பூரில் ஒரு பார்சல் ஆபீஸில் புக்கிங் கிளார்க்காகச் சேர்ந்திருந்தேன். எல்.ஆர். எழுதுவது, கார்பன் பேப்பர் மாற்றுவது, டீ சொல்வது... என் வீரதீரச் செயல்கள் இவ்வளவுதான்.

ஒருநாள் ராத்திரி லோடுமேன்கள் மொத்தமாகக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். வாசலில் சென்னை லாரி. டிரைவர் அண்ணன் பிரியாணி சாப்பிடப் போயிருந்தார். 'பெட்டி அடுக்கறது ஒரு வித்தையா?' என்று சட்டையைக் கழற்றினேன். ஆபீஸ் பையன்கள் நாலு பேர், கேப்டன் அடியேன்!

தோல் கட்டு, ஷூ பெட்டி என்று கைக்கு வந்த வரிசையில் ஏற்றினோம். இண்டு இடுக்கு இல்லை. தீப்பெட்டி மாதிரி கச்சிதம்!

தார்பாய் கட்டும்போது டிரைவர் கேட்டார். "ராணிப்பேட்டை சரக்கு எங்க தம்பி?"

"உள்ளதாண்ணே இருக்கு!"

உள்ளேதான் இருந்தது. ரொம்ப உள்ளே! கேபினை ஒட்டி, சென்னை பெரியமேட்டுக்குப் போகிற தோல் கட்டுகளுக்கு அந்தப் பக்கம்.

லாரிப் பாடம் சுலபம் சார். வழி வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம், சென்னை என்றால் ஏற்றுவது தலைகீழ். சென்னை சரக்கு முதலில், கேபின் பக்கம். வேலூர் சரக்கு கடைசியில், பின்பக்கம். கனமானது கீழே, நசுங்குவது மேலே. பி.காமில் இதைச் சொல்லித்தரவில்லை.

மூன்றாம் நாள் லாரி திரும்பியது. லெட்ஜருக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன். அவர் திட்டவில்லை. டீயை மட்டும் இடது கையால் வாங்கினார். கிளீனர்தான் விஷயத்தைச் சொன்னான். நடுராத்திரி மழையில், ஆள் கிடைக்காமல், இரண்டு பேருமாக அத்தனை கட்டையும் இறக்கி மறுபடி ஏற்றினார்களாம். ஒரு கட்டு சரிந்து அவருடைய வலது தோளில்.

"மன்னிச்சிடுங்கண்ணே..."

"வுடு தம்பி. அடுக்கறப்ப, எறக்கறவன நெனச்சுக்க. அவ்ளோதான்."

ஓர் ஆண் சுமக்கும் பாரத்தை 55 கிலோவுக்குள் கொண்டுவர வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்திருப்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அந்தக் கட்டின் எடை? எல்.ஆரைப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே இருந்தது: 70 கிலோ.

2019-ல் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. நானும் ஃபைல் அடுக்கும் உத்தியோகத்துக்கு வந்துவிட்டேன். அடுத்த சீட்டுக்காரர் முதலில் தேடப்போகிற ஃபைலை மேலே வைக்கிறேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் அந்த ஆபீஸை விட்டு வரும்வரை, மழைக்காலம் வந்தால் அண்ணன் டீ கிளாஸை இடது கையால்தான் வாங்குவார்.