பாத்தியில் கற்ற வண்ணப்பாடம்



பள்ளித் தோட்டத்தில் ஓராண்டுப் பூச்செடிகளை நடும்போதெல்லாம், எந்நிறத்தோடு எந்நிறத்தைச் சேர்ப்பது என்னும் வினா எழுகின்றது. இதற்கு 1839-ஆம் ஆண்டிலேயே விடை கூறியவர் செவ்ருல் என்னும் பிரெஞ்சு வேதியியலாளர். பாரிஸ் கோபெலின் நெசவாலையில் சாயப்பிரிவை நடத்திய அவர், அருகருகே வைக்கப்படும் இரு நிறங்கள் ஒன்றன் தோற்றத்தை மற்றொன்று மாற்றும் என்று நிறுவினார். பச்சையின் அருகே சிவப்பும், ஊதாவின் அருகே மஞ்சளும் மிகுந்து ஒளிரும்.

அவ்விதியைப் பின்பற்றி எங்கள் மாணவர்கள் புல்வெளியின் ஓரத்தில் சிவப்பு சால்வியாவை நட்டனர். பூத்தபோது பாத்தியே தீப்பற்றியதுபோல் இருந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் மட்டும் நடைகூடத்தில் நின்றவாறு, "ஐயா, இந்தச் செடி எப்போது பூக்கும்?" என்று வினவினான். மற்றவர்கள் கொல்லெனச் சிரித்தனர். அவன் முகம் வாடிவிட்டது.

பெற்றோரை அழைத்துப் பேசினேன். கண் மருத்துவர் சோதித்து, சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு என்றார். பிறவியிலேயே வருவது, ஆண்பிள்ளைகளிடமே மிகுதியாகக் காணப்படுவது. அறிவியலறிஞர் ஜான் டால்டன் தமக்கிருந்த இதே குறையை உணர்ந்ததும் ஒரு பூவினால்தான். பகலில் அவர் கண்ணுக்கு வானீலமாகத் தோன்றிய ஜெரேனியம் மலர், 1792-இல் ஒருநாள் மெழுகுவத்தி ஒளியில் சிவப்பாகத் தெரிந்தது. 1794-இல் அதனை மான்செஸ்டர் அறிஞர் அவையில் கட்டுரையாகவே வாசித்தார். இச்செய்தியை வகுப்பில் கூறினேன். சிரிப்பு அடங்கியது.

அடுத்த நடவுக்கு வண்ணங்களைத் தெரிவு செய்யும் பொறுப்பை அம்மாணவனே ஏற்றான். பின்வரிசையில் ஊதா வாடாமல்லி, முன்வரிசையில் குட்டையான மஞ்சள் செண்டுமல்லி. இரண்டும் முழுவெயிலை விரும்புபவை. விதைத்து இரண்டு மூன்று மாதங்களில் பூத்துவிடும். செவ்ருலின் விதிக்கும் பொருந்தியது. அவன் கண்ணுக்கும் எட்டியது. பூத்த அன்று நடைகூடத்திலிருந்து முதலில் குரல் கொடுத்தவன் அவனே.

ஆசிரிய நண்பர்களே, பச்சைப் பலகையில் சிவப்புச் சுண்ணக்கட்டியால் எழுதுமுன் சற்றுச் சிந்தியுங்கள். நிறவரைபடங்களில் நிறத்தோடு கோடுகளையும் புள்ளிகளையும் சேர்த்திடுங்கள். உங்கள் வகுப்பிலும் இத்தகைய பிள்ளை ஒருவன், கேட்கத் தயங்கியபடி அமர்ந்திருக்கக்கூடும்.