எங்கள் வீட்டுக்கு இன்னொரு கிரைண்டர்

“கிரைண்டர் வாங்கப் போறோம் அண்ணி” என்று சொன்னதும் என் நாத்தனார், “ஏற்கெனவே சாய்க்கிற கிரைண்டர் ஒண்ணு சும்மாக் கிடக்கே, மாவரைக்க எத்தனை வேணும் உனக்கு?” என்று கேட்டார். நான் சொன்னது அந்தக் கிரைண்டர் இல்லை. கத்தி, அரிவாள் செய்கிறவர்கள் வைத்துக்கொள்ளும் பெல்ட் கிரைண்டர். உப்புத்தாளை மாலை மாதிரி வட்டமாக ஒட்டி, மூன்று சக்கரங்கள் மேல் ஓட விட்டால் எப்படி இருக்கும்? அதுதான். ஓடுகிற அந்தத் தாளில் இரும்பைப் பிடித்தால், அரம் கொண்டு ஒரு மணி நேரம் ராவுவதைப் பத்து நிமிஷத்தில் ராவித் தந்துவிடும்.

பெண்கள் பத்திரிகையில் இது எதற்கு என்று சில சகோதரிகள் நினைக்கலாம். கடன் என் பெயரில் எடுத்தது. மெஷின் நிற்கப் போவது என் வீட்டுக் கொல்லையில். அதிலிருந்து பறக்கிற தூசியை மூச்சில் இழுக்கப் போவது என் வீட்டுக்காரர். பிறகு இது பெண்கள் விஷயம் இல்லாமல் வேறு யாருடையது?

நாங்கள் இருப்பது ஏலாக்குறிச்சி. கொள்ளிடத்துக்கு வடகரை, அரியலூர் மாவட்டம். வீரமாமுனிவர் இருந்த ஊர் என்றால் பலருக்குத் தெரியும். இவருக்குப் பட்டறை வேலை, மாமனார் காலத்திலிருந்து வருவது. கதிர் அறுக்கும் அரிவாள், கரும்பு வெட்டும் கத்தி, அரிவாள்மணை, தேங்காய் வெட்டும் கொடுவாள் எல்லாம் செய்வார். இரும்புக்குப் பஞ்சமில்லை. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் லாரிகள் ஓடாத நாள் இல்லையே! லாரியின் அடியில் வளைந்திருக்கும் பட்டை ஸ்பிரிங் உடைந்தால் பழைய இரும்புக் கடைக்கு வரும். அதை எடை போட்டு வாங்கி, உலையில் காய்ச்சி அடித்தால் நல்ல கத்தி. திருப்பாச்சி அரிவாளுக்கும் இந்தப் பட்டைதான்.

அடிப்பது இவருக்குக் கஷ்டமில்லை. அடித்த பிறகு ராவுவதுதான் பாடு. இரண்டு வருஷமாக வலது மணிக்கட்டு வீங்குகிறது. தஞ்சாவூர் டாக்டர், “அரம் பிடிக்கிறதைக் குறைச்சுக்குங்க” என்றார். குறைத்தால் பொங்கலுக்கு முன் வருகிற வேலையை யார் செய்வது? அதனால் எங்கள் மகளிர் குழுவில் 30,000 ரூபாய் கடன் எடுத்தேன். அதற்குள் மெஷினும் வேண்டும், பெல்ட்டும் வேண்டும், மிச்சமும் வேண்டும். பிளஸ் டூ வரை படித்தவள் நான். ஒரு நோட்டுப் போட்டு, கேட்டதையெல்லாம் எழுதிக்கொண்டேன்.

முதலில் பார்த்தது, மேஜை மேல் வைக்கிற சின்ன மெஷின். 1 அங்குல அகலம், 30 அங்குலச் சுற்றளவு பெல்ட். விலை கைக்கு அடக்கம். வீட்டுக் கத்திகளைச் சாணை பிடித்துக் கொடுக்க மட்டும் வேண்டுமென்றால் இது போதும் என்பது என் அபிப்பிராயம். புதிதாகக் கத்தி செய்யப் போதாது. மோட்டார் சின்னது. கொஞ்சம் அழுத்தினால் நின்றுவிடுகிறது.

அடுத்தது 4 அங்குல அகலம், 36 அங்குலச் சுற்றளவு. பக்கத்தில் ஒரு வட்டத் தட்டும் இருக்கிறது. கடைக்காரர் இதைத்தான் பாராட்டிப் பேசினார். ஆனால் இது மரவேலைக்காகச் செய்தது. மரத்தூள் சேருகிற பையைக் கழற்றாமல் இரும்பைப் பிடித்தால், பொறி போய்ப் பைக்குள் விழுந்து, உள்ளே கனிந்துகொண்டே இருந்து, நாம் தூங்கிய பிறகு தீப் பிடிக்கும். சகோதரிகள் யார் வீட்டிலாவது இந்த மாதிரி மெஷின் இருந்தால் இதை மட்டும் அவசியம் நினைவில் வையுங்கள். மரம் தேய்த்த இடத்தில் இரும்பு தேய்க்கக் கூடாது. கத்திக்குக் கைப்பிடி போடுகிறவர்கள் இரண்டையும் செய்ய வேண்டியிருக்கும். நடுவில் தூளைச் சுத்தமாக வழித்து எடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது, வெளிநாட்டில் கத்தி செய்கிறவர்கள் பெரும்பாலும் வைத்திருக்கிற அளவு. 2 அங்குல அகலம், 72 அங்குலச் சுற்றளவு. ரெடிமேடாக வாங்கினால் என் கடன் தொகை காணாது என்று தெரிந்ததும் இவர் முகம் வாடிப் போய்விட்டது. நான் நோட்டில் கணக்குப் போட்டேன். சின்ன பெல்ட்டின் பரப்பு 30 சதுர அங்குலம். இதன் பரப்பு 144. ஏறக்குறைய ஐந்து மடங்கு. தேய்மானமும் அந்த அளவுக்குத் தள்ளிப் போகும். 4-க்கு 36-ம் 144-தானே என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் பெல்ட் குட்டையாக இருந்தால் அதே இடம் சீக்கிரம் சீக்கிரம் இரும்பின் மேல் வந்துபோகும், ஆற நேரமில்லை. மேலும் 4 அங்குல அகலத்தில், பிடிக்குப் பக்கத்திலுள்ள வளைவைத் தேய்க்க முடியாது.

மெஷின் ஒரு தடவைச் செலவு. பெல்ட் மாசா மாசம் செலவு, மளிகைச் சாமான் மாதிரி. ஆகவே எந்த மெஷினைப் பார்த்தாலும் முதலில், “இதுக்குப் பெல்ட் எங்க கிடைக்கும்? ஒண்ணு என்ன விலை?” என்றுதான் கேட்டேன். ஒரு கடையில் மெஷின் சல்லிசு. ஆனால் அதன் அளவுப் பெல்ட் அவர்களிடமே இருப்பு இல்லை! பெரிய ஊர்களில் சுருளிலிருந்து வெட்டி, வேண்டிய நீளத்துக்கு ஒட்டிக் கொடுக்கிறார்கள். திருச்சியில் அப்படி ஒருவர் 72 அங்குலம் ஒட்டித் தர ஒப்புக்கொண்ட பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது.

ரெடிமேட் வேண்டாம், செய்துகொள்ளலாம் என்று முடிவாயிற்று. லேத் பட்டறை ஒன்றில் சட்டம் வெல்டு செய்து, மூன்று சக்கரமும் கடைந்து கொடுத்தார்கள். மேல் சக்கரத்தின் நடுவில் மெல்லிய மேடு இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு மேடுதான். அது இருந்தால்தான் பெல்ட் ஓரத்துக்கு நழுவாமல் நடுவில் ஓடும். அந்தச் சக்கரத்தை இப்படி அப்படிச் சாய்க்க ஒரு திருகும் வேண்டும். பெல்ட்டுக்குப் பின்னால் தாங்குகிற தட்டு, தேய்ந்தால் கழற்றி மாற்றுகிற மாதிரி இருக்க வேண்டும். அதில் பள்ளம் விழுந்தால் கத்தியும் தட்டையாக வராது.

மோட்டாரில்தான் வீட்டில் வாக்குவாதம். பழைய மோட்டார் விற்கிறவர் 2880 சுற்று மோட்டாரைக் கொடுக்கப் பார்த்தார். “வேகம் ஜாஸ்தி, வேலை சீக்கிரம்” என்றார். இவருக்கும் அதில் ஆசை. 4 அங்குலச் சக்கரத்தை 2880-ல் சுற்றினால் பெல்ட் நிமிஷத்துக்கு 900 மீட்டருக்கு மேல் ஓடும். 1440-ல் சுற்றினால் ஏறக்குறைய 460. வேகம் கூடினால் சூடும் கூடும். தோய்ச்சு எடுத்த கத்தியின் விளிம்பு காகிதம் மாதிரி மெல்லிசு. ஒரு கணம் அதிகம் பிடித்தால் முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு ஊதா, அப்புறம் நீலம். நீலம் ஏறிய இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். பார்க்கப் பளபளவென்று இருக்கும், நாலு நாளில் கூர் மழுங்கும். வாங்கிப் போனவர் நம் பெயரைத்தான் சொல்வார். “என்னங்க, நிதானமாத் தேய்ச்சா தப்பில்லை, பதம் போனா திரும்ப உலையில வைக்கணும்” என்றேன். 1440-தான் வாங்கினோம். 1 குதிரைத் திறன், வீட்டு சிங்கிள் பேஸ் கரண்டில் ஓடுவது. முழுதும் மூடிய மோட்டாராகப் பார்த்து எடுத்தோம். வாய் திறந்த மோட்டாருக்குள் இரும்புத் தூள் போனால் சுருள் கெட்டுவிடும்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் 5,500. சட்டமும் வெல்டிங்கும் 6,000. சக்கரங்களும் பேரிங்கும் 5,200. சுவிட்ச், ஒயர், எர்த் 1,300. ஆக 18,000 ரூபாய். எட்டு பெல்ட் 3,200. கண்ணாடி, முகமூடி, காதடைப்பு 1,400. எல்லாம் சேர்ந்து 22,600. எங்கள் பக்கத்து விலை இது, உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கலாம்.

அந்த 1,400-ஐத்தான் இவர் வீண் என்றார். நான் விடவில்லை. மாமனார் காய்ந்த சாணைக்கல்லில் முகத்தைக் கிட்ட வைத்துத் தேய்ப்பார். கடைசி ஆறு வருஷம் இருமல், படுத்தால் மூச்சு முட்டும், திண்ணையில் உட்கார்ந்தபடியே விடிய விடிய இருப்பார். அந்தத் தூசிதான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. பக்கத்தில் இருந்து வெந்நீர் வைத்துக் கொடுத்தவள் நான். இங்கிலாந்தில் ஷெபீல்டு என்ற ஊர் கத்திக்குப் பேர் போனது. அங்கே மணற்கல் சக்கரத்தில் கத்தி தீட்டியவர்கள் நுரையீரல் கெட்டு இள வயதிலேயே இறந்தார்கள். அதற்குச் ‘சாணைக்காரர் ஆஸ்துமா’ என்றே பெயர் வைத்து, 1830-லேயே அந்த ஊர் டாக்டர் ஒருவர் எழுதியிருக்கிறார். நம் நாட்டில் குஜராத்தின் காம்பத்தில் அகேட் கல் தீட்டுகிறவர்களுக்கும் இதே நோய். சிலிக்கா என்கிற மணல் தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகிவிடுகிறது. தழும்பு ஆறாது. இன்றைய பெல்ட்டில் இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு, மணற்கல் அளவுக்குக் கெடுதல் இல்லை. அதற்காக இரும்புத் தூளையும் ஒட்டுப் பசைத் தூளையும் மூச்சில் இழுக்கலாமா?

துணியைக் கட்டிக்கொண்டால் போதாது. பொடித் தூசி துணியில் புகுந்து வரும். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் தெரிந்துகொண்ட என்-95 முகமூடிதான் குறைந்தபட்சம். மூக்கின் மேல் கம்பியை அழுத்தி, ஓரம் இடைவெளி இல்லாமல் போட வேண்டும். தாடி இருந்தால் சரியாகப் படியாது. இவர் வெள்ளிக்கிழமைதோறும் சவரம் செய்துகொண்டிருந்தவர், இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள். பெல்ட்டுக்குக் கீழே, பொறி விழுகிற இடத்தில் தண்ணீர் வாளி வைத்தால் பாதித் தூசி அதில் அடங்கும். கத்தியை நனைத்து ஆற்றவும் அதே மாதிரி இன்னொரு வாளி. துத்தநாகம் பூசின தகரம், குழாய் எதையும் தேய்க்கவோ உலையில் வைக்கவோ கூடாது. அந்தப் புகை காய்ச்சல் கொண்டுவரும்.

மெஷினை நிறுத்தியது மாட்டுக் கொட்டகைக்கு மறுபக்கம், காற்று வீட்டை நோக்கி வராத மூலை. வைக்கோல் போர் தூரத்தில். வேலை முடிந்த சட்டையை உள்ளே கொண்டுவர விடுவதில்லை. கொல்லையிலேயே உதறி, தனியாக ஊறவைக்கிறேன். என் மகள் பெல்ட் மாற்ற உதவுவாள். ஆனால் துப்பட்டா இல்லாமல், பின்னலைக் கொண்டையாக முடிந்துகொண்டுதான் அந்தப் பக்கமே போக வேண்டும். எனக்கும் அப்படியே, முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகாமல் கிட்டே போவதில்லை. துணிக் கையுறையும் ஆபத்து. பெல்ட் நுனியைப் பிடித்துவிட்டால் கையையும் சேர்த்து இழுக்கும். மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுகிறோம்.

அரிவாள்மணை, கதிர் அரிவாள், காய்கறிக் கத்தி இவைதான் எங்களிடம் கிடைக்கும். “நீளமா ஒண்ணு வேணும்” என்று இருட்டின பிறகு வருகிறவர்களுக்கு இல்லை என்றே பதில். 2021-ல் காவல்துறை, அரிவாள் வாங்குகிறவர்களின் பெயரையும் முகவரியையும் எழுதி வைக்கும்படி பட்டறைக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. அந்த நோட்டும் என் பொறுப்புதான்.

புதுக் கத்தியை வாங்கிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் தடவை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பெல்ட்டின் பொடி ஒட்டியிருக்கும். வாழைப்பூ, வாழைத்தண்டு நறுக்கினால் கறுக்கும், அது இந்த இரும்பின் குணம். துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள்.

பெல்ட்டை வாங்கும்போது முதுகில் அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தத் திசையில்தான் ஓட்ட வேண்டும், மாற்றிப் போட்டால் ஒட்டு விட்டுப் படாரென்று அறுந்து அடிக்கும். சொரசொரப்புக்கு நம்பர் உண்டு. நம்பர் குறைந்தால் முரடு. வடிவம் எடுக்க 60, பிறகு 120, கடைசியில் 220. மடித்து வைத்தாலும் ஈரம் பட்டாலும் கெட்டுவிடும். பரணுக்குக் கீழே மூங்கில் கம்பு கட்டி, மாலை மாதிரி மாட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் முதுகிலும் வாங்கின தேதி. 60-ஆம் நம்பர் இன்னும் ஒன்றுதான் இருக்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமை இவர் திருச்சி போகிறார், நாலு வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.