பத்தாவது தொகுதி

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் வரவு, செலவாகவே பார்ப்பான். ராபர்ட் ஜோர்டன் எழுதிய ‘தி வீல் ஆஃப் டைம்’ நாவல்களையும் நான் அப்படித்தான் படித்தேன்.

மொத்தம் 14 தொகுதி. 40 லட்சம் வார்த்தைக்கு மேல். முதல் தொகுதி 1990-ல் வந்தது. ராண்ட் என்று ஒரு கிராமத்துப் பையன். உலகத்தைக் காப்பாற்ற வேண்டியவன். ஆனால், அதற்கான சக்தியே அவனுக்குப் பைத்தியம் பிடிக்க வைக்கும். முதல் ஐந்தாறு தொகுதிகள் ராத்திரித் தூக்கத்தைத் தின்றன. அப்புறம் வண்டி நொண்ட ஆரம்பித்தது. நைனீவ் என்றொரு பெண், கோபம் வந்தால் தன் பின்னலைப் பிடித்து இழுப்பாள். எத்தனை தடவை என்று எண்ணவே ஓர் ஆள் போடலாம்!

2003-ல் வந்த பத்தாவது தொகுதி இருக்கிறதே... ஒன்பதாவதின் முடிவில் ஒரு பெரிய சம்பவம் நடந்தபோது மற்றவர்கள் எங்கே, என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் அதில் பெரும்பகுதி. குளிக்கிறார்கள், உடுத்துகிறார்கள், டீ குடிக்கிறார்கள். ‘யோவ், எங்கிட்ட நேரத்தைக் கடன் வாங்கிட்டு வட்டியும் தரலை, அசலும் தரலையே!’ என்று மூடி வைத்துவிட்டேன்.

2006-ல் தனக்கு அமிலாய்டோசிஸ் என்று ஜோர்டன் அறிவித்தார். இதயத்தைத் தாக்கும் அபூர்வ நோய். 2007 செப்டம்பரில் இறந்துபோனார். வயது 58. கதை முடியவில்லை.

எனக்குச் சுரீர் என்றது. இழுக்கிறார், இழுக்கிறார் என்று நான் திட்டிய மனிதருக்கு, முடிக்க நேரமில்லாமல் போய்விட்டது.

ஆனால், அவர் சும்மா போகவில்லை. மிச்சக் கதையை வீட்டாரிடம் சொல்லி, குறிப்புகளும் விட்டுப் போனார். மனைவி ஹாரியட்தான் அவருடைய எடிட்டர். ஜோர்டனுக்கு பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளர் எழுதிய அஞ்சலியைப் படித்துவிட்டு, வேலையை அவரிடம் ஒப்படைத்தார். சிறு வயதிலிருந்தே ஜோர்டனின் வாசகர் அவர். ஒரே புத்தகம் என்று நினைத்தது மூன்றாக வளர்ந்து, 2013-ல் முடிந்தது.

கடைசித் தொகுதியின் இறுதிப் பக்கங்களை மட்டும் பல நாள் படிக்காமல் வைத்திருந்தேன். அவற்றில் பெரும்பகுதி ஜோர்டனே எழுதிவைத்துவிட்டுப் போனது. படித்துவிட்டால் அவ்வளவுதானே?

ஒருவழியாகப் படித்தேன். அப்புறம் பரணிலிருந்து பத்தாவது தொகுதியை இறக்கித் தூசி தட்டினேன். இந்தத் தடவையும் எல்லோரும் நிதானமாக டீ குடித்தார்கள்.

குடிக்கட்டுமே!